பால் பகுப்பும் சட்டமும்: ஓர் அமெரிக்கத் தீர்ப்பை நன்னூலோடு வைத்துப் படித்தல்

மலர்க்குழு நண்பர்கள் இந்த ஆண்டும் அன்போடு கட்டுரை கேட்டார்கள். சென்ற மலர்களில் சீவக சிந்தாமணி, நீலகேசி, மேல்சித்தாமூர் மடத்து ஏட்டுச் சுவடிகள் என்று எழுதிவந்தவன் நான். இம்முறை அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "ஐயா, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? திருத்தக்கதேவரே போதுமே!" என்று செயலாளர் சிரித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் வக்கீலும் அல்ல, மருத்துவனும் அல்ல. வந்தவாசிப் பக்கம் பிறந்து, பத்தாவதோடு பள்ளியை முடித்துக்கொண்டு, 18 வயதில் மும்பை வந்து மாமன் கடையில் துவரையும் உளுந்தும் நிறுத்தவன். தமிழ் இலக்கணம் ஊரில் ஒரு நயினார் பெரியவரிடம் கொஞ்சமும், கடை சாத்திய பிறகு நானாகவே மீதியும் படித்தது. பிழை இருந்தால் பொறுத்தருள்க.

காரணம் இல்லாமல் இதை எழுத வரவில்லை. என் தங்கை மகள் குடும்பம் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இருக்கிறது. 2023 கோடையில் அவள் ஃபோன் செய்தாள். பெண்ணாகப் பிறந்த தன் 14 வயதுப் பிள்ளை, இரண்டு மூன்று வருஷமாகவே தன்னை ஆண் என்று சொல்லிவருவதையும், டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிகிச்சையைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டதையும் சொன்னாள். "என்ன மாமா செய்யறது?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "சட்டம் நல்லதைத்தாம்மா செஞ்சிருக்கு. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு எட்டு மாதம் அவள் பேசவில்லை. அந்த எட்டு மாதத்தில் தொடங்கிய படிப்புதான் இந்தக் கட்டுரை.

சட்டம் சொல்வது என்ன?

பதினெட்டு வயது நிரம்பாதோருக்குப் பாலின மாற்று மருத்துவத்தைத் தடை செய்யும் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது ஆர்கன்சா மாநிலம், 2021-ல். அம்மாநில ஆளுநர் ஹட்சின்சன் குடியரசுக் கட்சிக்காரர். அவரே அந்த மசோதாவை மறுத்துத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அவர் மறுப்பையும் மீறி நிறைவேற்றியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இவ்வழி சென்றன. டென்னசிச் சட்டம் 2023 மார்ச்சில் கையெழுத்தாகி, ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மீறும் மருத்துவரிடம் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 டாலர் அபராதம் கேட்க அரசுக்கு அதிகாரம் உண்டு.

தடை செய்யப்பட்டவை மூன்று. ஒன்று, பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்து. இரண்டு, எதிர்ப்பாலின ஹார்மோன். மூன்று, அறுவை சிகிச்சை. இங்கே வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த மருந்துகளையே சட்டம் தடுக்கவில்லை. எட்டு வயதுக்கு முன்பே பூப்பின் அறிகுறி தோன்றும் குழந்தைக்கு அதே தள்ளிப்போடும் மருந்தைக் கொடுக்கலாம். 1980-களிலிருந்தே அப்படிக் கொடுத்து வருகிறார்கள். பருவம் தாமதப்படும் பையனுக்கு அதே டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கலாம். பிறவி உறுப்புக் குறைபாட்டுக்கும் கொடுக்கலாம். பிறந்த பாலுக்கு ஒவ்வாத அடையாளத்தோடு ஒரு பிள்ளை வாழ உதவும் நோக்கத்தில் மட்டும் கொடுக்கக் கூடாது. சரக்கு ஒன்றே, எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் தடை.

தீர்ப்பின் இலக்கணம்

மூன்று குடும்பங்களும் ஒரு மருத்துவரும் தொடுத்த வழக்கில் அமெரிக்க மத்திய அரசும் சேர்ந்துகொள்ள, அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஜூன் 18-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர். இணைத் தீர்ப்புகளையும் சேர்த்தால் நூறு பக்கத்துக்குக் கூடுதல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம், இது மருத்துவ வழக்கே அல்ல, பெயரியல் வழக்கு! கேள்வி இவ்வளவுதான்: இந்தச் சட்டம் மக்களை ஆண், பெண் என்று பகுக்கிறதா, இல்லையா? பகுக்கிறது என்றால் அந்நாட்டு அரசியலமைப்பின்படி நீதிமன்றம் அதைக் கடுமையான சல்லடையில் சலிக்க வேண்டும். பகுக்கவில்லை என்றால், ஏதோ ஒரு நியாயமான காரணம் இருந்தால் போதும், விட்டுவிடலாம்.

ராபர்ட்ஸ் சொல்வது: சட்டம் வயதைக் கொண்டும், எந்த நோய்க்கு மருந்து என்பதைக் கொண்டும்தான் பகுக்கிறது. பாலின ஒவ்வாமைக்காக இம்மருந்தை எந்தப் பையனும் பெற முடியாது, எந்தப் பெண்ணும் பெற முடியாது. எனவே பால் வேறுபாடு இல்லை. கர்ப்பத்தைக் காப்பீட்டிலிருந்து விலக்குவது பால் வேறுபாடு ஆகாது என்று 1974-ல் அதே நீதிமன்றம் சொன்னதையும் துணைக்கு அழைக்கிறார். சோட்டோமேயர் சொல்வது: ஆண் தோற்றம் வேண்டும் என்று ஹார்மோன் கேட்கும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கிடைக்கிறது, மற்றவருக்கு இல்லை. ஏன் என்று கேட்டால், பிறந்தபோது என்ன பால் என்பதைச் சொல்லாமல் பதிலே சொல்ல முடியாது.

இதை நம் இலக்கணத்தில் வைத்துப் பார்ப்போம். 'வந்தார்' என்று சொல்ல ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டியதில்லை. 'வந்தான்', 'வந்தாள்' என்று சொல்லத் தெரிந்தே ஆக வேண்டும். இந்தச் சட்டம் 'வந்தார்' வகை வாக்கியம் என்கிறது பெரும்பான்மை. மேலே 'ஆர்' விகுதி போட்டிருக்கிறீர்கள், உள்ளே ஆனும் ஆளும்தான் இருக்கிறது என்கிறது சிறுபான்மை. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் பிறந்த பாலுக்கு ஒவ்வாத அடையாளம் என்ற சொல்லே அதில் நிற்கிறது. சிறுவர்கள் தம் பாலைப் போற்றும்படி ஊக்குவிப்பதில் மாநிலத்துக்கு அக்கறை உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். பால் என்ற சொல்லை நோக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பாலால் பகுக்கவில்லை என்று சொல்வது எப்படி? மூட்டையின் மேல் 'பருப்பு' என்று பொதுவாக எழுதிவிட்டால் உள்ளே இருப்பது துவரையா உளுந்தா என்ற கேள்வி போய்விடுமா? குத்தூசி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இலக்கணத்தில் சோட்டோமேயர் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் துணிபு.

ஆனால் இங்கே ஒரு நேர்மை வேண்டும். சிறுபான்மை சொன்னபடி கடுமையான சல்லடை வைத்திருந்தாலும் சட்டம் விழுந்தே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. நீதிபதி கேகன் தனியாக எழுதிய மாறுபட்ட குறிப்பில், சலித்த பின் சட்டம் நிற்குமா நிற்காதா என்பதைப் பற்றித் தாம் ஒன்றும் சொல்லவில்லை என்றே சொல்கிறார். சலிக்காமல் விட்டது தவறு என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

பவணந்தியார் வகுத்த பேடு

இவ்விடத்தில் நம் அன்பர்கள், "இதெல்லாம் நமக்குப் புதுசா? தொல்காப்பியத்திலேயே இருக்கே!" என்பார்கள். இருக்கிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் வினைமுடிபு கொள்ளாது என்பது தொல்காப்பியர் விதி. 13-ஆம் நூற்றாண்டில், கங்கர் மரபுச் சிற்றரசன் சீயகங்கன் வேண்டுகோளின்படி நன்னூல் செய்த நம் பவணந்தி முனிவர் இன்னும் தெளிவாக்குகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் சேர்க்கிறார். அவாவுதல் என்றால் விரும்புதல். விட்டு வந்த இடத்தைக் கொண்டு அவர் பால் சொல்லவில்லை, விரும்பிச் சேர்ந்த இடத்தைக் கொண்டு சொல்கிறார்.

அவர் சமண முனிவர் என்பதால் இதற்கு ஓர் ஆகமப் பின்னணி இருக்க வேண்டும் என்பது என் ஊகம். சமணத்தில் பால் இருவகை. உடலில் உள்ளது திரவிய வேதம். உள்ளத்தில் உள்ளது பாவ வேதம். முன்னது நாம கருமத்தால் வருவது, பின்னது மோகநீய கருமத்தால் வருவது. இரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும், சில இடங்களில் வேறுபடும் என்று 10-ஆம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் சொல்கிறார். சிரவணபெளகொளாவில் பாகுபலி சிலையை நிறுத்திய சாமுண்டராயரின் ஆசான் அவர்.

ஆனால் இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள நான் வரவில்லை. அதே நன்னூல் நூற்பா, இவ்விரு சாராரையும் அஃறிணை போலக் கொள்ளுதலும் உண்டு என்று சேர்த்தே முடிகிறது. நம் ஆகமங்களும் மூன்றாம் வேதத்தைப் போற்றவில்லை. மூன்று வேதங்களுமே கட்டு. அவற்றுள் மூன்றாவதே கொடிது என்றுதான் சொல்கின்றன. துறவுக்கும் அவர்களை ஏற்கவில்லை. ஆகவே முன்னோர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வது பாதி உண்மை. அவர்கள் கண்டார்கள், பெயர் வைத்தார்கள், இலக்கணத்தில் இடம் கொடுத்தார்கள். உடல் ஒன்றும் உள்ளம் ஒன்றுமாக மனிதர் இருக்கக்கூடும் என்பது மேற்கத்திய மோகம் என்று நானே கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சு மட்டும் இனி நம் வாயில் வரக்கூடாது. என் சமய நூலிலேயே அது ஆயிரம் வருஷமாக இருக்கிறது.

மருத்துவம் எங்கே நிற்கிறது?

சட்டம் செய்தவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த மருந்து முறை 1990-களில் ஆம்ஸ்டர்டாமில் உருவானது. மூளையிலிருந்து வரும் பருவச் சமிக்ஞையை ஊசி மருந்தால் நிறுத்திவைப்பது. நிறுத்தினால் பருவம் மறுபடி தொடங்கும் என்பது கணக்கு. ஆனால் அந்த வயதில் ஏற வேண்டிய எலும்பின் வலு குறைகிறது என்ற கவலை உண்டு. மருந்து தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்து ஹார்மோனுக்குப் போகிறார்கள். ஹார்மோனின் விளைவுகள் சில திரும்பாதவை. பிள்ளைப்பேறு பற்றிய கேள்வியும் இருக்கிறது.

இங்கிலாந்தில் மூத்த குழந்தை மருத்துவர் ஹிலாரி காஸ் நாலு வருஷம் ஆராய்ந்து 2024 ஏப்ரலில் அறிக்கை தந்தார். இவ்வைத்தியத்துக்கான சான்று மிகப் பலவீனமாக இருக்கிறது என்பது அவர் முடிவு. அதே ஆண்டு டிசம்பரில் அங்கே புதிய சிறார்களுக்குத் தள்ளிப்போடும் மருந்தைக் காலவரையின்றி நிறுத்தினார்கள். அதற்கு முன்பே பின்லாந்தும் சுவீடனும் எச்சரிக்கைப் பாதைக்குத் திரும்பியிருந்தன. இன்னொரு பக்கம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமும் இச்சிகிச்சையை ஆதரித்து நீதிமன்றத்தின் முன் வாதிட்டன. ஆக, மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை.

நான் தங்கை மகளிடம் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது: அவசரம் கூடாது. ஆனால் காஸ் அறிக்கையைப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. தள்ளிப்போடும் மருந்தை ஆய்வின் பகுதியாகக் கொடுக்கலாம் என்கிறார். 16 வயதுக்கு மேல் ஹார்மோனை மிகுந்த எச்சரிக்கையோடு கொடுக்க இடம் வைக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு மனநல உதவியும் மற்ற உதவியும் நல்லபடி கிடைக்க வேண்டும் என்கிறார். டென்னசிச் சட்டம் இவற்றில் முதல் இரண்டுக்கும் இடம் வைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மருத்துவர், பெற்றோர், பிள்ளை மூவரும் வருஷக்கணக்கில் யோசித்து ஒத்துக்கொண்டாலும் சரி, மூன்றே வாரத்தில் அவசரப்பட்டாலும் சரி, இரண்டுக்கும் ஒரே பூட்டு. சரக்கு சந்தேகமாக இருந்தால் மூட்டைக்கு மூட்டை பார்க்க வேண்டும். பார்க்கிற ஆளையே மார்க்கெட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

கேட்காத குழந்தையும் கேட்கும் பிள்ளையும்

இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் உலுக்கியது இப்பகுதிதான். டென்னசிச் சட்டம் பிறவிக் குறைபாட்டுக்கு விலக்கு அளிக்கிறது என்று மேலே சொன்னேன். அதன் பொருள் என்ன? ஆண் பெண் என்று திட்டமாகச் சொல்ல முடியாத உறுப்போடு பிறக்கும் பச்சைக் குழந்தையை, இரண்டில் ஒன்றாகத் தோன்றும்படி அறுவை செய்ய இச்சட்டம் தடை இல்லை. அந்தக் குழந்தை கேட்கவில்லை. அதற்குப் பேசவே தெரியாது. அதுவும் திரும்பாத காரியம்தான்.

நம் ஊரில் நடந்தது நேர் எதிர். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு சொன்னார். திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது. இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று பொருள் கண்டதோடு, இடைப்பால் குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை செய்வதைத் தடுக்கும்படி அரசுக்கும் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை நீங்கலாக, அவ்வறுவையைத் தடை செய்து ஆணையிட்டது. இந்தியாவில் முதலில் இதைச் செய்தது தமிழ்நாடு.

இரண்டுமே தடைதான், இரண்டுமே குழந்தையைக் காக்க என்றுதான் சொல்கின்றன. தமிழ்நாட்டுத் தடை, அந்தக் குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும் என்று பெரியவர்கள் கையைக் கட்டுகிறது. டென்னசித் தடை, வாய் திறந்து சொல்லும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லி, வாய் பேசாத குழந்தையின் மேல் கத்தி வைக்க வழி விடுகிறது. திரும்பாத காரியம் சிறு வயதில் கூடாது என்பதுதான் உண்மையான கொள்கை என்றால் இந்த விலக்கு அதில் இருந்திருக்காது. குழந்தை ஆண் பெண் இரண்டில் ஒன்றாக, பிறந்தபோது எழுதியபடியே, இருந்தாக வேண்டும் என்பதே உள்ளே உள்ள கொள்கை என்று எனக்குப் படுகிறது.

நம் வீட்டுக் கணக்கு

ஊருக்கு உபதேசம் சொல்லும் முன் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். சிறு வயதில் திரும்பாத முடிவு என்ற கேள்வி சமணர்களாகிய எங்களுக்குப் பழையது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் தீட்சை பெற்று வீடு துறப்பது மேற்கிந்தியச் சமணரிடையே உண்டு. பரோடா சமஸ்தானம் 1933-ல் பால தீட்சையைத் தடுத்துச் சட்டம் செய்தது. 1955-ல் பம்பாய் சட்டசபையிலும் ஒரு மசோதா வந்தது. எதிர்ப்பு பலமாக இருக்க, நிறைவேறவில்லை.

வாஷி மார்க்கெட்டில் என் பக்கத்துக் கடைக் குஜராத்தி நண்பரிடம் டென்னசிச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "ரொம்பச் சரி, சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும்!" என்றார், நான் அன்று சொன்ன அதே வார்த்தை. "அப்போ பால தீட்சை?" என்றேன். "அது பூர்வ ஜன்ம சம்ஸ்காரம், குழந்தை உள்ளுக்குள்ளே தெரிஞ்சுகிட்டே வருது" என்றார். நான் மேலே பேசவில்லை. உள்ளுக்குள்ளே தெரிந்துகொண்டு வரும் பிள்ளை இருக்கக்கூடும் என்று அவரே ஒப்புக்கொண்டாரே! நமக்குப் பிடித்ததைப் பிள்ளை கேட்டால் ஞானம் என்கிறோம், பிடிக்காததைக் கேட்டால் அறியாமை என்கிறோம். பால தீட்சை விஷயத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. அப்படியானால் இரண்டிலும் ஒரே தராசு பிடிக்க வேண்டும்: மெதுவாகப் போகட்டும், பலர் பார்க்கட்டும், பிள்ளையின் பேச்சைக் கேட்கட்டும். கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்துவது தராசு ஆகாது.

முடிவாக

எட்டு மாதம் கழித்து நானே தங்கை மகளுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தது அந்தப் பிள்ளை. எனக்கு நாக்கு எழவில்லை. அவன் என்பதா, அவள் என்பதா, எப்படிப் பேசுவது என்று பயம். "தாத்தா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகு, "நல்லா இருக்கேன்டா கண்ணு, நீ சாப்பிட்டியா? பள்ளிக்கூடம் எப்படிப் போகுது?" என்று பேசத் தொடங்கினேன். கால் மணி நேரம் பேசினோம். எங்கும் இடறவில்லை.

ஃபோனை வைத்த பிறகுதான் நன்னூல் நினைவுக்கு வந்தது. தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் இல்லை. 'நான்', 'நீ' இரண்டும் எல்லார்க்கும் பொது. படர்க்கையில்தான் அவனும் அவளும் வருகிறார்கள். அன்று தங்கை மகளிடம் அந்தப் பிள்ளையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் படர்க்கையில் சொன்னது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் படித்த அந்த நூறு சொச்சம் பக்கமும் அப்படியே படர்க்கையில்தான் ஓடுகிறது.

அந்தக் குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. சிகிச்சைக்கு வேறு மாநிலம் போக அவர்களுக்கு வசதி இல்லை. பிள்ளை பதினெட்டு வயதுக்குக் காத்திருக்கிறது. அதன் பிறகு என்ன முடிவு செய்யும் என்பது எனக்குத் தெரியாது, நான் சொல்ல வேண்டியதும் இல்லை. ஞாயிறு தோறும் பேசுகிறோம். அமெரிக்காவிலோ இங்கேயோ உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். தீர்ப்பு எழுதுவதற்கு முன் ஒரு தரம் "நீ சொல்லு" என்று கேளுங்கள் என்பதே இந்த எளியவனின் வேண்டுகோள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!